பகலில் பூட்டிய பூங்கா

சங்கரன்கோவில்

அன்பு மகன் செல்வக்குமாருக்கு அப்பா எழுதுவது. கோமதியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், புனேயில் நீயும் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டுவலி இப்போது பரவாயில்லை. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் ஊர் பழைய பூங்காவுக்கு எழுபத்தைந்து வருஷம் ஆகிறதாம், விழா மலருக்கு அதன் வரலாற்றை எழுதித் தரச்சொல்லி நடைப்பயிற்சிச் சங்கத்தில் கேட்டார்கள். நெசவாளர்கள் பாவு விரித்த பொட்டல் பூங்கா ஆனது, சாயங்காலம் ரேடியோவில் செய்தி கேட்க ஊரே கூடியது, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த ஜனம் கட்டுச்சோற்றோடு மரத்தடியில் படுத்துக் கிடந்தது எல்லாம் எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். இப்போது வேலைவெட்டி இல்லாத பயல்கள் பகலெல்லாம் கிடந்து இடத்தைக் கெடுக்கிறார்கள், பத்து மணியிலிருந்து நாலு மணிவரை பூட்ட வேண்டும் என்று முடித்தேன். சங்கத்தில் அதையே மனுவாக்கி என் கையெழுத்தோடு நகராட்சியில் கொடுத்தார்கள், போன திங்கட்கிழமை முதல் பூட்டியாயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுதியதைப் பூங்காக் காவலாளி முகம்மது இஸ்மாயிலிடம் படித்துக் காட்டி, ஏதும் விட்டுப்போச்சா என்று கேட்டேன். உங்க மவனை விட்டுட்டியளே அண்ணாச்சி, ரெண்டு வருசம் அந்த வேப்பமரத்தடியில இருந்துதான பரீட்சைக்குப் படிச்சான், வீட்டுல இருந்தா அப்பா மூஞ்சியப் பாக்க முடியலைன்னு சொல்லுவான் என்றார். குத்திக்காட்டக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

வேலை கிடைக்கும்வரை பகலில் வீட்டில் முகம் காட்டாதே என்று நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். நீ எங்கெங்கோ வேலை தேடி அலைகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நான் துரத்திய பிள்ளைக்கு நிழல் கொடுத்த இடத்தையும் நானே பூட்ட வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது மக்கா. மனுவைத் திரும்பக் கேட்டு நகராட்சிக்குப் போனேன், அடுத்த கூட்டத்தில்தான் பேச முடியும் என்றுவிட்டார்கள். பூங்கா வாசலுக்கு வெளியே ஆறேழு பேர் புத்தகத்தோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பூட்டச் சொன்னது நான்தான், திரும்பத் திறக்கும்வரை எங்கள் வீட்டு மாடியில் வந்து படியுங்கள் என்றேன். அங்கயும் பத்து மணிக்குப் பூட்டிருவியளா தாத்தா என்று ஒருத்தன் கேட்டான். கேட்டது நியாயம்தான்.

இதையெல்லாம் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும். நீ ஆயுசோடும் சுகத்தோடும் இரு. அந்த ரெண்டு வருஷமும் மத்தியானம் எங்கே சாப்பிட்டாய் என்று நான் ஒரு நாளும் உன்னைக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
அப்பா
ஆவுடையப்பன்