புலம்பலில் வெட்டிய பேர்

மைனி,

பீரோவைத் திறந்தால் கோழி மசாலா வாடை அடிக்கிறது. இரண்டு பாச்சை உருண்டை போட்டும் அடங்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கல்லூரியில் எனக்குப் போர்த்திய பொன்னாடையிலிருந்து ஏறிய நாற்றம் அது. பச்சை நிறம், ஜரிகைக் கரை, தொட்டால் விரலில் சொரசொரவென்று பிடிக்கும். தபசு காலத்தில், கறி தொடக்கூடாத சுத்தபோசன நாளில், கோழி வாடை ஏறிய துணி. இன்று காலை வரை அதைத் தூக்கி எறியவும் கை வரவில்லை, வைத்துக்கொள்ளவும் அருவருப்பாக இருந்தது.

நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ இருந்திருந்தால் பாதியிலேயே கையைத் தூக்கி, "ஏளா, மூச்சு விட்டுட்டுப் பேசு" என்று சொல்லியிருப்பாய். நமக்குள் சொந்தம் எதுவும் கிடையாது, ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தோம், அவ்வளவுதான். ஆனாலும் மைனி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அது உறவாகவே ஆகிவிட்டது. அந்த உரிமையில்தான் உன்னை நான் கெடுத்தேன். ஆமாம், நான்தான்.

அந்தப் பேராசிரியர் நம் கோயில் திருவிழாவுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சாந்தமான மனுசன், சட்டைப்பையில் இரண்டு பேனா. மாதா மாதம் தன் கல்லூரியில் இறைப்பற்று, இலக்கியம், கலை என்று ஒரு தொடர் உரை நடத்துவதாகவும், கடற்கரைப் பாட்டு எதுவும் கிடைக்குமா என்றும் கேட்டார். வாய் சும்மா இருக்குமா எனக்கு? பெரிய வெள்ளியன்று மாதா புலம்பல் பாட எங்கள் மைனியை விட்டால் இந்தக் கரையில் ஆள் இல்லை என்று அவர் கேட்காததையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீ ஒரே சொல்லில் முடித்தாய். "அது கோயிலுக்கு உள்ளது. ஹாலுக்கு உள்ளது இல்ல."

நான் விட்டேனா? நாலு நாள் உன் அடுப்படியில் வந்து உட்கார்ந்தேன். கடைசியில் எதைச் சொன்னால் நீ இளகுவாய் என்று எனக்குத் தெரியும், அதைச் சொன்னேன். "மைனி, அமல்ராஜ் பேரு நம்ம கோயிலோட நிக்குது. காலேஜுல நாலு ஊர்ப் பிள்ளைக அந்தப் பேரக் கேக்கும்லா" என்றேன். நீ மீனைக் கழுவிக்கொண்டிருந்தாய். கை நின்றது. "கேக்குமா?" என்று மட்டும் கேட்டாய்.

அந்த ஒரு கேள்விக்குத்தான் நீ பாடினாய்.

உன் பிள்ளை அமல்ராஜ் சங்கு குளிக்கப் போனவன். மூன்று பேர் முங்கியதில் இரண்டு பேர் ஏறினார்கள். எட்டு நாள் தேடினார்கள், கடல் கொடுக்கவில்லை. காலிப் பெட்டியை அடக்கம் பண்ணலாம் என்று பெரியவர்கள் சொன்னபோது, "காலிப் பெட்டிக்கு நான் மண்ணு போடமாட்டேன்" என்று நீ கதவைச் சாத்திக்கொண்டாய். அந்த வருஷப் பெரிய வெள்ளியில்தான் முதன்முதலாக அவன் பேரைப் புலம்பலில் சொன்னாய். நம் கரை வழக்கம் அது. இயேசுவின் சுரூபத்தைக் குருசிலிருந்து இறக்கி மாதா மடியில் கிடத்திய பிறகு புலம்பலை எடுப்போம், மூன்று இடத்தில் நிறுத்துவோம். கடல் வைத்துக்கொண்ட ஆண்களின் பேரைத் தாயோ பெண்டாட்டியோ அந்த இடத்தில் சொல்லலாம். கல்லறை இருக்கிறவர்களுக்கு அதில் இடமில்லை, உடம்பு கரைக்கு வராதவர்களுக்கு மட்டும்தான். மற்றவர்கள் பேரை மட்டும் சொல்வார்கள், நீ அதற்கு ஒரு அடியே கட்டினாய்.

*உனக்காவது மடியில வந்தான் தாயே*
*மடிக்கு வராத அமல்ராஜுக்கும் சேத்து அழு.*

அந்த இடத்தில் கோயிலே அடங்கிவிடும். அந்த அடிக்கு முன்னால் நீ ஒரு மூச்சு எடுப்பாய், கிணற்றிலிருந்து வாளி ஏறி வருகிற மாதிரி. அதன் பிறகுதான் அடியும் பேரும் வரும்.

பேராசிரியர் என் வீட்டுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு வந்த அன்று நீ காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. முக்காடு போட்டு, செருப்பைக் கழற்றி, என் வீட்டு நடு அறையைக் கோயிலாக்கிவிட்டாய். ஃபேனை அணைத்தோம். மூன்று இடத்திலும் பேரைச் சொன்னாய். பாடி முடித்ததும் கைதட்டப் போனவரை நீ பார்த்த பார்வையில் அவர் கையை மடக்கிக்கொண்டார்.

அப்புறம் உனக்குச் சிறுநீரகம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், மூக்கில் குழாயோடு என் மணிக்கட்டைப் பிடித்து, "அவன் பேர இனி நீ எடுத்துக்க. விட்டுராத" என்றாய். விடமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் பண்ணினேன்.

போன வெள்ளிக்கிழமை என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். குளிர்ந்த அறை, மெத்தை நாற்காலி. பின்னால் பிள்ளைகள் போனைத் தடவிக்கொண்டிருந்தன. விளக்கை அணைத்துத் திரையில் வரிகளைப் போட்டு, உன் குரலை விட்டார்கள். மைனி, நீ செத்த பிறகு உன் குரலை நான் கேட்டது அதுதான் முதல் முறை. என்னை அறியாமல் முக்காடு போட்டுக்கொண்டேன். முதல் நிறுத்தம் வந்தது. நீ அந்த மூச்சை எடுத்தாய். நான் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பேர் வரவில்லை. மூச்சுக்குப் பிறகு, நீ கட்டிய அடியை விட்டுவிட்டு நேராகப் புலம்பலின் அடுத்த அடி வந்தது.

என் காதுதான் தவறவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது இடத்திலும் மூச்சு இருந்தது, பேர் இல்லை. மூன்றாவதும் அப்படியே. உன் பிள்ளையை இரண்டாம் தடவை தண்ணீருக்குள் அமுக்கின மாதிரி இருந்தது எனக்கு.

விளக்கு எரிந்ததும் பேராசிரியர் விளக்கினார். பாடியவர் நடுநடுவே சொந்தச் செய்திகளைச் சேர்த்திருந்தாராம், அவை இடைச்செருகலாம், அவற்றை நீக்கி மூலப்பாட்டை மீட்டிருக்கிறார்களாம். கை தட்டினார்கள். புலம்பலுக்குக் கை தட்டினார்கள், மைனி. கல்யாண வீட்டில் தட்டுகிற மாதிரி.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னை மேடைக்கு ஏற்றிப் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். தெருவில் ஒருத்தியையும் பேச விடாத நான், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் முத்தையாபுரம் வருவதற்குள் என் குடும்பக் கதை முழுவதும் சொல்லி முடிக்கிற நான், அத்தனை படித்த முகங்களைப் பார்த்ததும் என்ன சொன்னேன் தெரியுமா? "ரொம்ப சந்தோசம்." அவ்வளவுதான். சிரித்தேன் வேறு. போட்டோவில் பல் தெரிகிறது.

வெளியே மேசையில் பப்ஸ் வைத்திருந்தார்கள். யாரோ என் கையில் திணித்தார்கள். மனசு எங்கேயோ இருக்க ஒரு கடி கடித்தேன். கோழி. இறைப்பற்றைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிய இடத்தில் தபசு வெள்ளியில் கோழி. துப்ப இடம் தேடினேன், கிடைக்கவில்லை. தோளில் கிடந்த பொன்னாடையிலேயே துப்பித் துடைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாயில் இருந்தது போனதும்தான் எனக்குப் பேச்சு வந்தது.

நேராகப் பேராசிரியரிடம் போனேன். "சார், பேரு எங்க?"

"எந்தப் பேரும்மா?"

"அமல்ராஜ்."

"ஓ, அதுவா? அது மூலத்துல இல்லம்மா. அவங்களா சேத்தது."

"அதச் சேக்கத்தான் சார் அவ பாடுனா."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. கெட்ட மனுசன் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். முழுசாகப் போட்டுக் காட்டுங்கள், வெட்டியதைத் திரும்ப ஒட்டுங்கள் என்றேன். கம்ப்யூட்டர் பார்க்கிற பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தார். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு என்னிடம் வந்து, "சுத்தம் பண்ணதத்தான் வச்சிருக்கோம்மா. பழசு அழிஞ்சு போச்சு. மன்னிச்சிருங்க" என்றார்.

சுத்தம் பண்ணினார்களாம்.

உன் குரலில் உன் பிள்ளை பேர் இனி எங்கேயும் இல்லை. நீ கோயிலோடு நிற்கட்டும் என்றாய். நான் அதை வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் பறிகொடுத்தேன். பாவமன்னிப்புக் கேட்டுப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதானே, மூன்று மங்கள வார்த்தை செபம் சொல் என்றார் சாமியார். முப்பது சொல்லியும் ஆறவில்லை.

இன்று காலை பொன்னாடையை எடுத்து அரிவாள்மனையில் வைத்து நாலாகக் கிழித்தேன். மீன் கழுவுகிற இடத்தைத் துடைக்க ஆகும். பிறகு குளித்து, பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கோயிலுக்குப் போனேன். இரண்டு வாரத்தில் பெரிய வெள்ளி. இந்த வருஷம் புலம்பலுக்கு முன்பாட்டு எனக்குத்தான். உள்ளே கூட்டுகிற பெண்ணைத் தவிர யாரும் இல்லை. செருப்பைக் கழற்றி, முக்காடு போட்டு, மாதா முன்னால் நின்று எடுத்தேன். உன் இழுப்பு எனக்கு வராது, தொண்டை தகரம் மாதிரிக் கரகரத்தது. நிறுத்தம் வந்ததும் நீ எடுப்பது போலவே மூச்சை எடுத்தேன். உன் பேரையும் சேர்த்துச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. முடியாது, மைனி. உனக்குக் கல்லறை இருக்கிறது. நேற்றுகூட மெழுகுவர்த்தி வைத்தேன்.

அவன் பேரை மட்டும் சொன்னேன். கூட்டிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"யாரு அத்தே அமல்ராஜ்?" என்று கேட்டாள்.

உட்கார வைத்து, மூச்சு விட்டு விட்டு, முதலிலிருந்து சொன்னேன்.