சாமிக் கிடாவுக்கு ஊசி

செஞ்சி
12.2.2025

அன்புள்ள தம்பி ஆனந்தராஜுக்கு,

அக்கா பவுனம்மாள் எழுதுவது. போனில் பேசினால் மூணாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன். தாளில் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது.

காட்டு மிருகங்களுக்கு வரும் நோயை ஆராய்கிற டாக்டர் என் தம்பி என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறேன். நீ என்னவென்றால், "ஊசி போட்டியா" என்பதைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. போட்டாச்சு. முகாமில் ஆட்டுக்கொல்லி நோய்க்கு எல்லா ஆட்டுக்கும் போட்டார்கள். சாமிக் கிடாவுக்கு மட்டும் இல்லை. உன் மாமாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் நடந்தபோது, அவர் பிழைத்து வந்தால் ஆடியில் தருகிறேன் என்று மலையடி ஆத்தாவுக்கு நேர்ந்து விட்ட கிடா. அதைக் கட்டக்கூடாது, விரட்டக்கூடாது, உடம்பில் ஊசிமுனை படக்கூடாது. ஊனப்பட்டதை ஆத்தா வாங்க மாட்டாள். இதெல்லாம் உனக்குத் தெரியாததா?

கார்த்திகைப் புயலில் ஊரே மிதந்தது. இன்னும் மாசி பிறக்கவில்லை, அதற்குள் மலைச் சுனையில் பாறை தெரிகிறது. சித்திரையில் இறங்குகிற மான்கள் இப்பவே ஏரிக்கு வந்துவிட்டன.

உன் மாமா நன்றாக இருக்கிறார். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

உன் அக்கா
பவுனம்மாள்


சென்னை
19.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவோடு தினமும் பேசுகிறேன். நீ பால் ஊற்றப் போகிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

உன் கடிதத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஊரிலேயே ஊசி போடாத ஆடும் அதுதான், கயிறு போடாத ஆடும் அதுதான். யார் கொல்லையில் மேய்ந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சந்தையிலிருந்து வந்த ஆட்டோடு மூக்கை உரசிவிட்டு நேராக ஏரிக்குப் போய் மானோடு தண்ணீர் குடிக்கும். முன்பெல்லாம் மானுக்கு மேலே சுனை, ஆட்டுக்குக் கீழே ஏரி. இப்போது வெயில் இரண்டையும் ஒரே கரையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. மானிடமிருந்து ஆட்டுக்கு நோய் வரும் என்று ஊரில் நீங்கள் எல்லாரும் பயப்படுகிறீர்கள். இந்த நோயை ஆடுதான் மானுக்குக் கொடுக்கும். மானுக்கு யார் முகாம் போடுவது?

ஊசி குத்தினால் ஊனம் என்கிறாயே, அதைக் கொசு கடிக்கவில்லையா?

அன்புடன்
ஆனந்தராஜ்


செஞ்சி
14.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

கொசுவை ஆத்தா அனுப்புகிறாள். ஊசியை நீ அனுப்புகிறாய். இரண்டும் ஒன்றா?

திட்டாமல் படி. கிடாவுக்கு மூக்கு ஒழுகுகிறது. வாயெல்லாம் புண், கழிச்சல் நிற்கவே இல்லை. வாயில் ஊற்றுகிற மருந்து ஏதாவது இருந்தால் சொல். உன் மாமா, "இன்னாடி, எனக்காக வுட்டது எனக்கு முன்னாடியே கெளம்புது" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்தாவுக்குச் சேரவேண்டியது சேராமல் போனால், அவள் கொடுத்த உயிரைத் திருப்பிக் கேட்பாளோ என்று பயமாக இருக்கிறது.

பவுனம்மாள்


சென்னை
17.3.2025

அக்கா,

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. மாமா போனையும் அணைத்து வைத்திருக்கிறாய். அதனால் ஸ்பீட் போஸ்ட்.

இந்த நோயைத் தீர்க்க மருந்து கிடையாது. புண்ணுக்கும் கழிச்சலுக்கும் ஏதாவது கொடுக்கலாம், பிழைத்தால் அதன் அதிர்ஷ்டம். ஏரிப்பக்கம் மட்டும் விடாதே. கயிறு போட மனசு வரவில்லை என்றால் கொட்டகைப் படலையாவது சாத்து. போன மாசம் பிறந்ததாக மாமா சொன்ன இரட்டை ஆட்டுக்குட்டிகளுக்கு இன்னும் ஊசி போடும் வயசு வரவில்லை. அவற்றை வேறு வீட்டில் வை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்.

ஆனந்தராஜ்


செஞ்சி
7.4.2025

டாக்டர் ஆனந்தராஜ் அவர்களுக்கு,

கிடா செத்துவிட்டது. உங்கள் கடிதம் வந்த அன்றே படலைச் சாத்தினேன். அதற்குமுன் அது ஏரிக்குப் போய்விட்டு வந்திருந்தது. பிறகு ஏரிக்கரையில் மான்கள் விழுந்து கிடந்ததையும் பார்த்தேன். அதற்காக நான் அழவில்லை என்று நினைக்கிறீர்களா?

நீங்கள் வந்து மானை அறுத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். மொச்சைக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு நாயை விரட்டுவதுபோல் கையை ஆட்டினீர்கள். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு பார்த்தாள். "இன்னா பவுனு, தம்பிக்கு அடையாளம் தெரியலியா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வராமலே கார் ஏறிப் போனீர்கள்.

நோயைப் பரப்பிய கிடா என்னுடையது என்று வனத்துறைக்கு எழுதிக்கொடுக்க வேண்டுமானால் எழுதிக்கொடுங்கள்.

பவுனம்மாள்


சென்னை
12.4.2025

அக்கா,

'அவர்களுக்கு', 'நீங்கள்' என்றெல்லாம் எழுதாதே, பற்றிக்கொண்டு வருகிறது. கவுனெல்லாம் செத்த மானின் சளியும் கழிச்சலும். அதோடு உன்னைத் தொட்டால், நீ போய்க் குட்டிகளைத் தொடுவாய். முகக்கவசத்துக்குள்ளிருந்து "வராதே" என்று கத்தினேன், உன் காதில் விழவில்லை. திண்டிவனம் வரைக்கும் அந்த மொச்சைக் குழம்பை நினைத்துக்கொண்டே போனேன்.

ஊசி போடாத ஆட்டிலிருந்து நோய் வந்தது என்று அறிக்கையில் எழுதினேன். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மாமாவுக்கு ஒன்றும் ஆகாது. இதை டாக்டராகச் சொல்லவில்லை. என்னவாகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனந்தராஜ்


செஞ்சி
5.7.2025

அன்புள்ள தம்பிக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம்தான், வேறொன்றுமில்லை.

இரட்டைக் குட்டிகள் இரண்டும் தப்பிவிட்டன. அதில் ஆண் குட்டியை ஆத்தாவுக்கு விடுவது என்று முடிவு செய்தேன். இந்த ஆடிக்கு ஆகாது, அடுத்த ஆடிக்குத்தான். கிடா போனதை ஆத்தாவிடம் சொல்லி அழுதுவிட்டு வந்தேன். ராத்திரியெல்லாம் யோசித்தபோதுதான் உறைத்தது. நேர்ந்து விட்ட பிறகுதானே ஊசிமுனை படக்கூடாது? அதற்கு முன்னால் அது வெறும் ஆட்டுக்குட்டிதானே. ஊசியைப் போட்டுவிட்டு நேர்ந்துகொண்டால் யார் என்ன சொல்ல முடியும்? இவ்வளவு படித்த உனக்கு இது தோன்றவில்லை, கத்த மட்டும் தெரிகிறது.

நேற்று ஊசி போட ஆள் வந்தார். குட்டியைப் பிடிக்க எனக்குக் கை வரவில்லை. உன் மாமா நாற்காலியை விட்டு எழுந்து வந்து மடியில் போட்டுப் பிடித்துக்கொண்டார். "ஆத்தா கேட்டா நான்தான் புடிச்சேன்னு சொல்லிக்கிறேன், நீ உள்ள போ" என்றார். நான் போகவில்லை. நின்று பார்த்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீர் தெளித்து விடுகிறோம். மாலை போட உடன்பிறந்தவன் வேண்டும். குளித்துவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு வா. உன் மாமாவுக்கு ஏதாவது ஆனால் உன்னைத்தான் கேட்பேன். ஒன்றும் ஆகாவிட்டாலும் உன்னைத்தான் கேட்பேன், எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

உன் அக்கா
பவுனம்மாள்