புதுச்சத்திரம் இலுப்பையை வேர் விடும் முன் பெயர்க்காதிருக்க

அனுப்புநர்
க. சுப்புராயன்,
மரம் இடமாற்றப் பணி மேற்பார்வையாளர்,
செம்மண்டலம், கடலூர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: கடலூர் – சிதம்பரம் சாலை, புதுச்சத்திரம் நிறுத்தத்திலுள்ள இலுப்பை மரத்தை 10.02.2025 அன்று பெயர்ப்பதை நிறுத்தவும், நான் அளித்த பொய்ச் சான்றை ரத்து செய்யவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

1. இது என் மீதே நான் கொடுக்கும் புகார். சாலை விரிவாக்கத்துக்காக மேற்படி நிறுத்தத்திலிருந்த இரண்டு முதிய இலுப்பை மரங்களை இடம் மாற்றும் வேலை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டுக்கும் அடித்தண்டில் அழுகல் நோய் உண்டு.

2. இத்தகைய மரத்தை ஒரே மூச்சில் பெயர்க்கக் கூடாது. ஒரு பாதியைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, பழைய வேர்களை அறுத்து, மக்கிய எருவும் மண்ணும் நிரப்பி, ஈரம் காயாமல் மாதக்கணக்கில் காத்திருந்தால் புது வேர் விடும். பிறகுதான் மறுபாதி. பதினெட்டு ஆண்டுகளாக இதே வேலை பார்க்கும் எனக்கு இது தெரியும். தெரிந்தும், மழைக்கு முன் முடித்து நல்ல பெயர் வாங்கும் ஆசையில், சென்ற ஆகஸ்டில் முதல் மரத்தை இரண்டே நாளில் கிரேன் வைத்துத் தூக்கி, சாலையோரக் குளக்கரையில் நட்டேன். இரு மரங்களுக்கும் வேர் தயார் என்று சான்றும் எழுதிக் கொடுத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

3. அம்மரத்தடியில் மீன் விற்றுவந்த ராணியம்மாள் அன்றே, "ஏன் சார், சீக்கு மரமாச்சே, இப்புடி சுத்தி அறுத்தா தாங்குமா?" என்று கேட்டார். "துளுத்துடும்மா, தண்ணி மட்டும் ஊத்துங்க" என்றேன். அதை நம்பி, தினமும் வியாபாரம் முடிந்ததும் குடம் குடமாக ஊற்றினார். அக்டோபரில் பட்டையைக் கீறிப் பார்த்தேன்; உள்ளே பச்சையே இல்லை. அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செத்த மரத்துக்கு அவர் தண்ணீர் சுமப்பதைப் பைக்கில் போகும்போதெல்லாம் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

4. சென்ற வாரம்தான் நேரில் போய் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருந்தா, இந்தத் தண்ணிய நிக்கிற மரத்துக்காவது ஊத்தியிருப்பேனே சார்" என்றார்.

5. எனவே, என் சான்றை ரத்து செய்து, அதை நம்பி 10.02.2025 அன்று இரண்டாம் மரத்தைப் பெயர்க்கவிருப்பதை நிறுத்தி, என் மீது உரிய நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். இரண்டாம் மரத்தின் அழுகலைச் செதுக்கி மருந்திட்டு, பாதி பாதியாக வேர் விடச் செய்ய ஆறு மாத அவகாசம் தேவை. வேர் வந்துவிட்டது என்று பிறகு நானே சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆய்வு அலுவலர் ராணியம்மாள் முன்னிலையில் மண்ணை விலக்கி, வெள்ளை வேரைத் தம் கண்ணால் பார்த்த பிறகே அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கடலூர்
நாள்: 03.02.2025

தவறிழைத்த,
க. சுப்புராயன்
(கையொப்பம்)