பேர் ஒட்டாத இரண்டு சீசா

என் லூர்தக்கா,

கையைக் கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் நகக்கண்ணில் மண் இருக்கிறது. பார்த்திருந்தால், "நர்சு தங்கச்சின்னு வெளிய சொல்லிக்காதடி, எனக்கு மானம் போவுது" என்பாய். சொல்லிக்கொள்ளத்தான் போகிறேன். இந்தக் கடிதத்தை நம் தெருக்காரர்களும் படிப்பார்கள், முன்பின் தெரியாதவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். நீ பண்ணிவைத்துவிட்டுப் போன கூத்து நாலு பேருக்குத் தெரியட்டும்.

முதலில் தோட்டத்துச் சேதி. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் நீ காதில் வாங்க மாட்டாய். அவரை பந்தல் பூராவும் ஏறிவிட்டது. தக்காளியில் காய் பிடித்திருக்கிறது, செடிதான் இன்னும் கொஞ்சம் நோஞ்சானாக நிற்கிறது. மழைக்கு முருங்கையில் ஒரு கிளை முறிந்தது. அதை வெட்டி வேலியோரம் நட்டேன், துளிர்த்துவிட்டது. உன் கனகாம்பரம் கல்லறைத் திருநாளுக்கு ஒரு பூ விடாமல் ஏமாற்றிவிட்டு இப்போது சௌக்கியம். உன்னைத் தேடுகிற மாதிரியே தெரியவில்லை, நன்றி கெட்ட செடி.

படிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். ரெட்டியார்பாளையத்தில் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்ணை அப்பா மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவாக விட்டுப்போனார். கிணற்றுக்கு வடக்கே இருப்பது உன் பாதி, முழுக்கப் பூ. தெற்கே இருப்பது என் பாதி, காயும் கீரையும். தம்பி சவரிக்குப் பங்கு இல்லையா என்றால், உண்டு. விளைவதைச் சாப்பிடுவது அவன் பங்கு. அதில் அவன் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

கல்லறைத் திருநாளுக்கு அம்மா அப்பா கல்லறைக்கு நம் தோட்டத்துப் பூதான் போகவேண்டும் என்பது உன் சட்டம். ஆகஸ்டு மாதா திருநாளன்று கோழிக்கொண்டை விதைப்பாய். செப்டம்பரில் மாதா பிறந்தநாளுக்கு நாற்றைப் பிடுங்கி நடுவாய். நவம்பர் பிறக்கும்போது வடக்குப் பாதி செக்கச்செவேலென்று நிற்கும். ஊரே பெரிய மார்க்கெட்டில் பூவுக்கு நெரிசலில் மல்லுக்கட்டும்போது நீ கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஜம்பமாகக் கொல்லைக்குப் போவாய். அந்த ஜம்பத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அதைப் பார்க்கத்தான் ஏங்குகிறேன்.

குருத்தோலை ஞாயிறு முடிந்த வாரம் உன் உடம்பைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ பேசியது ஜெபமும் இல்லை, குடும்ப விஷயமும் இல்லை. "கொத்தவரைக்குத் தண்ணி உட்டியா?" என்றாய். உட்டேன்க்கா என்றேன். "பொய் சொல்லாத, உன் மூஞ்சியே சொல்லுது" என்றாய். அன்றைக்கு நிஜமாகவே விட்டிருந்தேன், அக்கா. அதை நம்பாமலே போய்விட்டாயே.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் சவரி மாடியிலிருந்து இறங்கி வந்தான். புதுக் காரைத் தெருவில் நிறுத்தியதில் யாரோ கீறிவிட்டுப் போயிருந்தார்கள். அதை ஒரு மூச்சு பேசி முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"சின்னக்கா, முழங்கால் வலிய வெச்சுக்கினு நீ ஒண்டியா எவ்ளோதான் பாப்ப? உன் காய்கறிப் பக்கத்த நான் தொடல. வடக்குப் பக்கம் மட்டும் சிமெண்ட்டு போட்டுக் கார நிறுத்திக்கறேன்."

"அது அக்காவோட எடம்டா."

"பெரியக்காவே போய்ட்டாங்க. இனிமே அங்க பூ யாருக்கு?"

"அவளுக்குத்தான். வேற யாருக்கு?"

 கெட்டவன் இல்லையே நம் தம்பி. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். வருகிற கல்லறைத் திருநாளுக்கு அந்த மண்ணிலிருந்து பூ எடுத்து உன் கல்லறையில் நான் வைத்துவிட்டால் அது தோட்டம். வைக்க முடியாவிட்டால் அது கார் நிறுத்தும் இடம். நான் ஒரு நொடி யோசிக்காமல் சரி என்றேன். வாழ்நாளெல்லாம் மண்ணில் கை வைத்தவள், ஒரு கோழிக்கொண்டை வளர்க்கத் தெரியாதா எனக்கு?

இனிமேல்தான் உன் கூத்து.

சமையலறை அலமாரியில் பழுப்பு மருந்து சீசா இரண்டு. ஒன்றில் உன் கோழிக்கொண்டை விதை, ஒன்றில் என் சிவப்புத் தண்டுக்கீரை விதை. இரண்டும் கடுகைவிடச் சின்னது, கறுப்பு, பளபளப்பு. பேர் எழுதி ஒட்டுக்கா, ஒட்டுக்கா என்று வருஷா வருஷம் சொன்னேனே, கேட்டாயா? "கையில கொட்டிப் பாத்தா தெரியாதா?" என்பாய். உனக்கு எப்படித்தான் தெரிந்தது? அதைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டேன். மாதா திருநாளன்று காலைப் பூசை முடிந்து வந்து இரண்டையும் கையில் கொட்டிப் பார்த்தேன். ஒரு எழவும் தெரியவில்லை. நீ இடது கைக்காரி, அதனால் இடது பக்கத்து சீசாதான் உன்னுடையது என்று முடிவு கட்டினேன். அதை வடக்கே விதைத்தேன். மற்றதை என் கீரைப் பாத்தியில் தூவினேன்.

கீரைப் பாத்தி மளமளவென்று வந்தது. இளசாக வேரோடு பிடுங்கி, பூண்டு தட்டிப் போட்டுப் பொரியல் செய்தேன். சவரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "இந்த வாட்டி கீர வேற ருசியா கீதே சின்னக்கா" என்றான். எல்லாம் கைப்பக்குவம் என்று நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். பாத்தி காலியாகும்வரை விடவில்லை நாங்கள்.

வடக்கே உன் நாற்றை மாதா பிறந்தநாளன்று பிடுங்கி வரிசையாக நட்டேன். செடி செழித்து வந்தது. கொஞ்சம் அதிகமாகவே செழித்தது. இலை அகன்றது, தண்டு தடித்தது. உரம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒரு நாள் அடுத்த வீட்டு மதலேன் மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"தெரேசு, சாம்பாருக்கு ஆவும், எனக்கு நாலு தண்டு ஒடிச்சிக் குடேன்."

"மாமி, அது கோழிக்கொண்ட."

"இன்னாது? கண்ணு எனக்குப் போச்சா, உனக்குப் போச்சா?"

அவ்வளவுதான். தெற்குப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். பாத்தி துடைத்த மாதிரி இருந்தது. ஒரு செடி மிச்சமில்லை. மறுபடி விதைத்தாலும் திருநாளுக்குள் பூக்காது. சாயங்காலம் சவரியிடம் சொன்னேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும், "அப்ப பெரியக்கா கல்லறைக்கு வெக்க வேண்டிய பூவையா பொரியல் பண்ணித் தின்னோம்?" என்று கேட்டு, மாடிப்படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான், அக்கா. நீ போனதிலிருந்து அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு எழுந்து நின்று, "சரி உடு. மார்க்கெட்டுல நல்ல மாலையா நான் வாங்கியாந்துடறேன்" என்றான்.

"மாலை வேணாம். கீரைக்கும் பூ வரும்."

"கீர முத்துனா மாட்டுக்குப் போடுவாங்க. கல்லறைக்கா எடுத்துக்கினு போவாங்க?"

"வடக்குப் பக்கத்துலேர்ந்து பூ வரணும். அதான பேச்சு? இன்னா பூவுன்னு பேச்சு இல்லையே."

தலையை ஆட்டிக்கொண்டே மாடிக்கு ஏறிப்போய்விட்டான். 

யோசித்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. கீரை பூத்துவிட்டால் எனக்கு அவமானம். பூப்பதற்கு முன்னால் பிடுங்குவதுதான் என் தொழில். நீயோ பூவுக்காகவே காத்துக்கிடப்பாய். ஒரே கிணற்றுத் தண்ணீரை இறைத்து இரண்டு பேரும் இரண்டு விதமாகக் காத்திருந்திருக்கிறோம். உன் மாதிரி காத்திருக்க இந்த ஐப்பசியில்தான் நான் கற்றுக்கொண்டேன். மதலேன் மாமி எத்தனை தடவை கேட்டும் ஒரு தண்டு ஒடிக்கவில்லை. மாமிக்கு இன்னும் கோபம்.

மழை வந்தது. நம் ஊர் ஐப்பசி மழையை உனக்குச் சொல்ல வேண்டுமா? பூ விட ஆரம்பித்த சமயத்தில் ஒரு நாள் விடியற்காலையில் பிடித்த காற்றில் செடிகள் எல்லாம் மண்ணோடு சாய்ந்துவிட்டன. உன் கட்டிலிலிருந்து கொசுவலைக் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போனேன். உன் பழைய நூல் புடவையைக் கிழித்துக் கட்டினேன். திட்டாதே, வேறு எதுவும் கைக்கு அகப்படவில்லை. சவரி குடையோடு ஓடி வந்தான்.

"காய்ச்சல் வந்தா உன்ன யாரு பாக்கறது? பெரியக்கா கீறாங்களா?"

 சாய்ந்த செடியை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றேன்.  அவன் குடையை மடக்கிக் கிணற்றுச் சுவர்மேல் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் வந்து கம்பை ஊன்றினான். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். காய்ச்சல் அவனுக்குத்தான் வந்தது.

கல்லறைத் திருநாளன்று காலையில் மழை விட்டிருந்தது. பூ எப்படி இருந்தது தெரியுமா? கருஞ்சிவப்பில், நரிவால் மாதிரி, கனம் தாங்காமல் தலை தொங்கி நின்றது. இத்தனை வருஷமாக இந்த அழகைத்தான் பிஞ்சிலேயே பிடுங்கிச் சட்டியில் போட்டிருக்கிறேன். கூடை கொள்ளாமல் அறுத்தேன். கல்லறைக்குப் போய்ப் பார்த்தால் சவரி கார் டிக்கியில் பெரிய செவந்தி மாலை ஒன்று வைத்திருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்றான்.  முந்தின நாள் சுண்ணாம்பு அடித்த கல்லறையில் அப்பா, அம்மா, நீ மூவருக்கும் சேர்த்துக் கீரைப் பூவைப் பரப்பினேன். வெள்ளைமேல் அந்தச் சிவப்பு அப்படி எடுத்துக் காட்டியது. மெழுகுவத்தி ஏற்றினேன். கோவில் சாமியார் கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க இன்னும் வரவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்து, "இன்னா பூவுங்க இது? மார்க்கெட்டுல நான் பாக்கலையே" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சவரி சொன்னான்: "மார்க்கெட்டுல கெடைக்காதும்மா. எங்க பெரியக்கா தோட்டத்துப் பூ."

உன் தோட்டம் என்று அவன் வாயால் சொன்னான், அக்கா. உனக்குக் கேட்டதா?

செவந்தி மாலையை அவன் ஆள் வராத ஒரு பழைய கல்லறைக்குப் போட்டுவிட்டு வந்தான். கார் இன்னமும் தெருவில்தான் நிற்கிறது, ஒரு உறையை மாட்டியிருக்கிறான். போன வாரம் அவனாகவே கீழே வந்து, வடக்குப் பக்கம் வேலி தளர்ந்திருக்கிறது என்று கம்பி இழுத்துக் கட்டினான். சிமெண்ட் என்ற பேச்சு அவன் வாயில் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

சீசா இரண்டும் அலமாரியில் அதே இடத்தில் இருக்கின்றன. இரண்டிலும் விதை மிச்சமிருக்கிறது. எது எது என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும், வலது பக்கம்தான் உன்னுடையது. பேர் எழுதி ஒட்டலாம் என்று பேனாவை எடுத்தேன். திருப்பி வைத்துவிட்டேன். நீ ஒட்டாததை நான் ஒட்ட மாட்டேன்.

வருகிற மாதா திருநாளுக்கு இரண்டு சீசாவையும் உன் பக்கத்திலேயே விதைப்பேன். ஒரு வரிசை உனக்கு, ஒரு வரிசை எனக்கு. இரண்டையும் பூக்க விடுவேன். முழங்கால் மடங்குகிற வரைக்கும், மடங்காவிட்டால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாவது, ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அந்த மண்ணின் பூ உன்னிடம் வந்து சேரும். இது என் வாக்கு. கொத்தவரைக்குத் தண்ணீர் விட்டாயிற்று. இப்போதாவது நம்பு.

வடக்கையும் தெற்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்,
உன் தங்கச்சி தெரேசு