வயிற்றுக்கட்டுத் துணி கேட்டு வந்தவர்

செவ்வாய், இரவு.

சிம்பாங் அம்பாட்டில் பிரசவச் சரக்கு விற்கிறேன். இன்று தாடி வைத்த தம்பி ஒருவர் வந்து பிள்ளை பெற்றபின் கட்டும் வயிற்றுக்கட்டுத் துணி கேட்டார்.

"ஒய்ஃப் இடுப்பு அளவு என்னப்பா?"

"என் அளவுதான்கா. பெண்ணாப் பொறந்தவன் நான். போன வாரம் நான்தான் பெத்தேன். ரத்தம் நிக்கல."

அவர் கையைத் தொட்டேன், நெருப்பாகச் சுட்டது. பெண்களுக்கு மட்டும் என்று கிளினிக்கில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

கடையை அடைத்துவிட்டு, வேனில் வேறு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். "மகன் வெளிய உட்காரட்டும், நீங்க உள்ள வாங்கம்மா" என்றாள் கவுண்டர் பெண்.

"எனக்கு அறுபது வயசுலா. பேஷண்டு இவர்தான்."

டாக்டரம்மா பார்த்த உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வைத்தார். பிழைத்துக்கொள்வாராம்.

பிள்ளை பெற்றவர்களிடம் முதலில் பிள்ளை எங்கே என்றுதான் கேட்போம். இவரிடம் யாரும் கேட்கவில்லை. படுத்த பிறகுதான் உறைத்தது, நானும் கேட்கவில்லை.