பாதியில் போகாத அம்பயர்

ஐப்பசி 2, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து ஐப்பசி மாசத்துத் துலா மழை. புழையில் வெள்ளம் ஏறி, ஆற்றங்கரை மைதானம் குளமாகிவிட்டது. பயிற்சி இல்லை. பந்து போடும் இடத்தில் விரிக்கும் கயிற்றுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் ராமநாதன் வீட்டு நடையில் உலர்த்தினோம். ராமநாதன் எங்கள் கிரிக்கெட் கோஷ்டியின் காப்டன். ஹைஸ்கூல் வாத்தியார், அதனால் எதையும் இரண்டு தடவை சொல்வார். பாய் ஜாக்கிரதை, பாய் ஜாக்கிரதை.

மத்தியானம் ஒலவக்கோடு ஸ்டேஷனில் போத்தனூர் ரயில்வே கோஷ்டிக் காப்டன் என்னைப் பிடித்துக்கொண்டார். வழக்கம்போல் தீபாவளிக்கு மறுநாளுக்கு மறுநாள் ஆட வருகிறார்களாம். ஆனால் ஒரு நிபந்தனை. எங்கள் பக்கத்து அம்பயர் கடைசிவரை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இந்த வருஷத்தோடு சரி, இனிமேல் கோயமுத்தூர்க்காரர்களோடு ஆடிக்கொள்வார்கள். அவர்களுடைய அம்பயர் ஒரு ரயில் கார்டாம். வண்டியை விட்டுப் பாதியில் இறங்காத மனுஷராம். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. போன வருஷம் ஒரே ஆட்டத்தில் எங்கள் அம்பயர்கள் போனவிதம்:

சாமா – மச்சினனுக்கு அவுட் கொடுத்தான். பெண்டாட்டி பெட்டியோடு பிறந்தகம் போய்விட்டாள். பிறந்தகம் இரண்டு வீடு தள்ளி. ஆனாலும் பெட்டியோடு. அழைத்துவர ஓடினான்.

தபாலாபீஸ் மணி – சந்தியாவந்தனம் என்று புழையில் இறங்கியவர் வேறு படித்துறையில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

சாஸ்திரிகள் – ஒருவருக்கும் அவுட் கொடுக்கவில்லை. இருக்கிறவனைப் போ என்று சொல்ல வாய் வரவில்லையாம். கடைசியில் அவரே போனார்.

இந்த ஆட்டம் நின்றால் கோஷ்டியும் நிற்கும். வருஷம் பூராவும் பாயை உலர்த்துவதே இந்த ஒரு நாளுக்காக. காரியதரிசி நான். ஆகவே ஆள் பிடிக்க வேண்டியவனும் நான்.

என் சம்சாரம் தர்மு வாங்கிவரச் சொன்ன வெற்றிலையை மறந்தேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. இலையில் சோற்றைக் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசி 4, செவ்வாய்

நல்ல வெயில். கோர்ட்டில் நகல் எழுதி எழுதிக் கை வலி. முன்சீப் இன்று இரண்டு வழக்கில் தீர்ப்புச் சொன்னார். தோற்றவன் யாரும் அவர் சம்சாரத்திடம் போய் முறையிடவில்லை. கொடுத்துவைத்தவர். கோர்ட்டில் முதலில் தீர்ப்பு, பிறகு அப்பீல். கிரிக்கெட்டில் முதலில் அப்பீல், பிறகு தீர்ப்பு, அதற்கும் பிறகு சொந்தக்காரர்கள்.

சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்கள். எங்கள் கிராமத்தில் இரண்டும் ஒன்றுதான். மணி மட்டும் உள்ளதைச் சொன்னார்: "அம்பயரா நின்னுட்டா அப்பறம் பந்தியில எந்தப் பக்கம் ஒக்காறதுன்னே தெரியல்லை, ஓய்."

யோசித்தேன். மைதானத்துச் சத்தத்துக்கு யாரும் பயப்படவில்லை. வீடு திரும்பும் வழிக்குத்தான் பயம். நாலு தெருவிலும் எல்லாரும் எல்லாருக்கும் ஏதாவது ஒரு உறவு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு 'ஏன் அப்படிச் சொன்னாய்'.

வெற்றிலை வாங்கினேன். சுண்ணாம்பு மறந்தது.

ஐப்பசி 6, வியாழன்

புழையில் முங்கி எழுந்தபோது வந்தது யோசனை. கிச்சாமி!

கல்யாணச் சமையல் கிச்சாமியைப் பகைத்துக்கொள்ள இந்தக் கிராமத்தில் யாருக்குத் தைரியம்? தை மாசம் நாலு வீட்டில் முகூர்த்தம். அவர் வரமாட்டேன் என்றால் பெண்ணுக்குத் தாலி ஏறும், இலையில் சோறு விழாது. ஈர வேஷ்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

தென்னைமரத்தடியில் பெரிய வெண்கல உருளியைத் தேய்க்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். ஆஜானுபாகு. நான் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வயிற்றைத் தடவினார்.

"நேக்கு ஆட்டம் தெரியாதாக்கும். ஆனா ஒண்ணு, கேட்டேளா. நான் சொன்னப்பறம் ஒருத்தன் எதிர்வாய் பேசப்படாது. பாயசம் எறக்கியாச்சுன்னா எறக்கியாச்சு."

இதைவிட நல்ல அம்பயர் எந்தத் தேசத்தில் கிடைப்பார்? வெள்ளைக் கோட்டு ஒன்று தைத்துத் தர வேண்டும் என்றார். தருகிறோம் என்றேன். தையற்காரர் அளவெடுக்கக் கயிறு போதாமல் இரண்டாவது கயிறு முடிந்தார்.

ஐப்பசி 9, ஞாயிறு

மழை விட்டது. கிச்சாமிக்குப் பயிற்சி.

ஓவருக்கு ஆறு பந்து, எண்ண ஆறு கொட்டைப்பாக்கைக் கையில் கொடுத்தேன். முதல் ஓவர் சரி. இரண்டாவது ஐந்து பந்தில் முடிந்தது. அடுத்தது நாலில். வாயைப் பார்த்தேன், சிவந்திருந்தது. பாக்கை வாங்கிக்கொண்டு புளியங்கொட்டை கொடுத்தோம்.

ராமநாதன் அடித்த பந்து தரையில் பட்டுத்தான் கைக்கு வந்தது. எல்லாரும் பார்த்தோம். கிச்சாமி கரண்டி பிடிக்கிற மாதிரி கையை ஓங்கி, அவுட் என்றார். ராமநாதன் வாயைத் திறந்தார். தங்கைக்குத் தையில் கல்யாணம். மூடிக்கொண்டார். போய் உட்கார்ந்தார். நான் புழைப் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

தரையில் பட்டால் காட்ச் இல்லை என்று அவருக்குத் தனியாகச் சொன்னேன். முன்னமே சொல்லப்படாதோ என்றார். அதற்குப் பிறகு அந்தத் தப்பு வரவில்லை.

கோஷ்டி கூடிச் செய்த தீர்மானம்: அம்பயருக்குத்தான் முதல் காப்பி, காப்டனுக்கே அதற்குப் பிறகுதான். வெயிலில் ஒருவன் குடை பிடிக்க வேண்டும். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஏன், எதற்கு என்று ஒருத்தனும் அவரைக் கேட்கக் கூடாது. போன வருஷமே இப்படிச் செய்திருந்தால் சாமாவின் பெண்டாட்டி பெட்டி தூக்கியிருக்க மாட்டாள்.

நல்ல தூக்கம் வரும் இன்று.

ஐப்பசி 11, செவ்வாய்

தலைதீபாவளிக்கு வரும் எங்கள் மாப்பிள்ளை விச்வநாதன் போத்தனூர்க் கோஷ்டியில் ஆடுகிறாராம்! தீபாவளிக்கு முன்னதாகவே வந்திருக்கும் பெண் சீதை இன்றைக்குத்தான் மெல்லச் சொன்னாள். அங்கே ரயில்வே ஆபீசில் உத்தியோகம் என்று தெரியும். மட்டை பிடிப்பார் என்று தெரியாது. சந்தோஷத்தில் இரண்டு வாய் சாதம் கூடப் போயிற்று.

தர்முவுக்குச் சந்தோஷம் இல்லை. முதல் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை ஊர் கூடிப் போ என்று சொன்னால் சம்பந்தியாத்துக்கு என்ன பதில் என்கிறாள். அவுட் கொடுப்பது கிச்சாமி, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். சமாதானமானாள். நானும்.

ஐப்பசி 13, வியாழன்

மாப்பிள்ளை சாயங்கால வண்டியில் வந்தார். கையில் பை, அக்குளில் பழைய வேஷ்டியில் சுற்றிய மட்டை. பேச்சே இல்லை. வைகாசியில் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் பேசியது: சரி. ஆகட்டும். போறும். இன்றைக்கும் அதே மூன்றுதான். சேவைக்குப் போறும், மோர்க்குழம்புக்குப் போறும். வண்டியில் கூட்டமா என்றேன். ஆகட்டும் என்றார்.

பெண்ணைக் கொடுத்தாயிற்று. பிள்ளை இல்லாத வீடு. கொஞ்சம் பேசிச் சிரித்துக்கொண்டு இருக்கமாட்டாரா என்று ஆசையாக இருக்கிறது. தர்முவிடம் சொல்லவில்லை. அவளுக்கும் அதே ஆசை என்று தெரியும்.

ஐப்பசி 14, வெள்ளி. தீபாவளி

எண்ணெய், வெந்நீர், லேகியம். கங்கா ஸ்நானம் ஆச்சா என்று தெரு பூராவும் குரல். மாப்பிள்ளைக்கு மயில்கண் வேஷ்டி நன்றாக இருந்தது. சீதை முகம் பார்க்கப் போதவில்லை எனக்கு.

பத்து மணிக்கு இடி. வானத்திலிருந்து இல்லை. கிச்சாமி வந்தார். கொல்லங்கோட்டில் ஒரு பெரிய வீட்டில் அறுபதாம் கல்யாணம், அங்கே சமையற்காரருக்கு ஜுரம். இவரைக் கூட்டிப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறார்கள். எல்லாருக்கும் வேண்டியவர் என்றுதானே அவரைப் பிடித்தோம். கொல்லங்கோட்டுக்கும் வேண்டியவராகத்தானே இருப்பார்?

கோட்டை மடித்து என் கையில் கொடுத்தார். "இங்கேயே இருக்கட்டும். திங்கக்கிழமை வந்து வாங்கிக்கறேன். வேற யாருக்கும் கொடுக்கப்படாது."

மறுபடி நாலு தெரு. மறுபடி பார்க்கலாம்.

ஐப்பசி 16, ஞாயிறு

நேற்று அமாவாசை, தர்ப்பணம், எழுதவில்லை. இன்றைக்கு எழுதாமல் தூக்கம் வராது.

காலையில் போத்தனூர்க்காரர்கள் வந்து இறங்கியாயிற்று. உங்கள் அம்பயர் எங்கே என்றார் அவர்கள் காப்டன். எங்கள் ஆட்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோஷ்டியில் பதினொன்றாவது பெயர் என்னுடையது, பெயருக்கு மட்டும். பந்து பொறுக்க நான் இல்லாவிட்டால் நஷ்டமில்லை, மட்டை பிடிக்க என் முறை வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். கோட்டைப் போட்டுக்கொண்டேன். கிச்சாமியின் கோட்டில் என்னைப்போல் இன்னொருவர் இருக்கலாம். புறப்படும்போது தர்மு வாசல்வரை வந்து ஒரே வார்த்தை சொன்னாள்: "மாப்பிள்ளையாக்கும்."

அவர்கள்தான் முதலில் மட்டை பிடித்தார்கள். மூன்றாவதாக மாப்பிள்ளை. என்ன ஆட்டம்! வாய் பேசாத மனுஷர் மட்டையால் பேசினார். ஒரு பந்து புழையில் விழுந்தது. அம்பயர் கைதட்டக் கூடாது. கோட்டுப் பைக்குள் கையை விட்டுப் புளியங்கொட்டையை இறுக்கிக்கொண்டேன்.

அப்புறம் சாமா போட்ட பந்து காலில் பட்டது. கால் இல்லாவிட்டால் நேர் நடுக்குச்சி, சந்தேகமே இல்லை. வைகாசியில் தர்மு செம்பிலிருந்து ஜலம் விட, ஊர் பார்க்க, நான் அலம்பித் துடைத்த கால். சாமா பழக்கத்தில் கத்திவிட்டு, யார் கால் என்று பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"மாமா, நான் கேக்கல்லை. வாய் தவறிடுத்து."

"கேட்டது கேட்டதுதான்டா," என்றேன்.

விரல் தானாக எழுந்தது என்று எழுத ஆசை. இல்லை, நான்தான் தூக்கினேன். படித்துறையில் தண்ணீர் எடுக்கிற சாக்கில் நின்ற பெண்கள் அப்படியே நின்றார்கள். மாப்பிள்ளை என்னை ஒரு தரம் பார்த்தார். மட்டையை அக்குளில் வைத்துக்கொண்டு போனார். அவர் மரத்தடி போய்ச் சேருமுன் சேதி எங்கள் வீடு போயிருக்கும்.

வீட்டிலிருந்து காப்பி வந்தது. போத்தனூர்க்காரர்கள் எல்லாருக்கும் இருந்தது. எனக்கு இல்லை. அம்பயருக்கு முதல் காப்பி என்ற தீர்மானம் தர்முவுக்குத் தெரியாது.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கார்டுக்கு ஆள் வந்துவிட்டது. சாயங்கால வண்டிக்கு அவர்தான் போக வேண்டுமாம். பாதியில் இறங்காத மனுஷர் பாதியில் கிளம்பினார்! அவர்கள் காப்டன் முகத்தை நான் பார்க்கவில்லை. மரியாதைக்கு மரத்தைப் பார்த்தேன். அவர்கள் பக்கத்துக்கு யார் நிற்பது? ஒருவரும் அசையவில்லை. அங்கேயும் ஒரே ஆபீஸ்காரர்கள், நாளைக்கு முகம் பார்க்க வேண்டியவர்கள். அப்போது மரத்தடியிலிருந்து குரல்.

"நான் நிக்கறேன்."

மயில்கண் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வந்து எதிர்ப் பக்கம் நின்றார். நாலாவதாக ஒரு பேச்சு.

எங்கள் ஆட்டம். ஒன்பது பேர் போனபோது ஆறு ஓட்டம் பாக்கி. என் முறை. கோட்டை ராமநாதன் போட்டுக்கொண்டு என் இடத்தில் நின்றார். எனக்குப் பந்து வந்தது மாப்பிள்ளை நின்ற பக்கத்திலிருந்து. கண்ணை மூடினேன் போலிருக்கிறது. காலில் பட்டது. போத்தனூர்க்காரர்கள் கத்தினார்கள். நிமிர்ந்து பார்த்தேன்.

விரல் மேலே. அதற்குக் கீழே மாப்பிள்ளை முகம், உதட்டைக் கடித்துக்கொண்டு. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நான்தானோ? அப்புறம் சாமா, அப்புறம் மைதானம் பூராவும், படித்துறையும். மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாய்மேல் உட்கார்ந்துவிட்டார்.

தோற்றோம். எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் சீதை பிறந்த அன்றைக்குத்தான் இருந்தது.

இரண்டு பேருமாக வீட்டுக்கு நடந்தோம். தீர்மானப்படி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"மாமா, நேக்கு நடுக்குச்சிதான். நன்னாத் தெரியும். எல்லாரும் பயந்து நிக்கறச்சே நீங்க கையைத் தூக்கினேள். அப்பத்தான் நேக்கும் பயம் விட்டுடுத்து, சிரிப்பு வந்துடுத்து."

"என்னுது?"

வழியில் கிடந்த ஒரு கல்லைக் காலால் தள்ளினார். "உங்களுது வெளியில போயிருக்குமோன்னு இப்பத் தோண்றது."

நடுத்தெருவில் நின்று சிரித்தோம். அதற்குப் பிறகு வாய் ஓயவில்லை அவருக்கு. போத்தனூர்ப் பந்து, கயிற்றுப் பாய், மேலதிகாரி, சீதை கடிதத்தில் எழுதும் எழுத்து. தர்மு வாசலில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை அவளிடம், மாமி, இன்னிக்கு மாமாவை நான் அவுட்டாக்கிட்டேன் என்றார். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். எனக்குக் காப்பி வந்தது.

ஐப்பசி 17, திங்கள்

மூட்டம், மழை இல்லை. போத்தனூர்க் காப்டன் மாப்பிள்ளையிடம் சொல்லியனுப்பியிருக்கிறார், அடுத்த தீபாவளிக்கும் வருகிறார்களாம். நிபந்தனையைப் பற்றிப் பேச்சில்லை. மாப்பிள்ளை வருஷா வருஷம் வந்து அம்பயராக நிற்கிறேன் என்கிறார். இவரை நிறுத்திவைக்கக் குடையும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். ராமநாதன் இரண்டு தடவை சந்தோஷப்பட்டார்.

கோர்ட்டிலிருந்து வந்தால் கூடத்தில் தர்மு, மடியில் கத்தரிக்கோல். மாப்பிள்ளை வேஷ்டியோடு வெயிலில் நின்றது பாவமாக இருந்ததாம். வெள்ளைக் கோட்டைப் பிரித்து அவர் அளவுக்குப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். அரைக் கோட்டுக்குமேல் வெட்டித் தரையில் கிடக்கிறது. சீதை ஊசி கோத்துக் கொடுக்கிறாள். மாப்பிள்ளை கையை நீட்டிக்கொண்டு பொம்மைபோல் நிற்கிறார், வாய் மட்டும் பேசிக்கொண்டே.

வாசலில் மாட்டுவண்டிச் சத்தம். கொல்லங்கோட்டிலிருந்து கிச்சாமி. அடுத்த வருஷம் ஆட்டம் என்றைக்கு என்று கேட்டுக்கொண்டே ஏறி வருகிறார். கோட்டு எங்கே என்கிறார்.