பொறுத்திருந்தவர்களின் காசு

பேசாலை
12.01.2025

அன்பு மகள் ஜெனுஷாவுக்கு,

மாதாவின் காவலில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் பேரனும் அந்த ஒஸ்லோக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இன்னும் இருக்கிறது, மன்னார் ஆஸ்பத்திரியில் தந்த குளிசையை இரண்டு நாள் போட்டுவிட்டு வயிறு எரிகிறது என்று நிறுத்திவிட்டாள், நீ சொன்னால் கேட்பாள். வாடைக்காற்று ஓயவில்லை, வள்ளங்கள் கரையில்தான் கிடக்கின்றன. நத்தாருக்கு நீ அனுப்பிய சட்டை எனக்குத் தோளில் பெரிது, பரவாயில்லை, போட்டுக்கொண்டுதான் பூசைக்குப் போனேன். இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் ஃபோனில் நான் ஒன்று சொல்லத் தொடங்க நீ மூன்று பதில் வைத்திருப்பாய், எனக்குப் பேச்சு மாறிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை வாசி.

போன மாதம் நீ எடுத்த அழைப்பைப் பற்றித்தான். பிட்காயின் ஒன்று இலட்சம் டொலரைத் தாண்டிவிட்டது என்று சந்தோசத்தில் கத்தினாய். எனக்குக் காது மந்தம் என்பதால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். குசினி வாசலில் என் தங்கச்சி, உன் றஞ்சிதம் மாமி இருந்து அம்மாவோடு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அது உனக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. "அப்பா, பொறுத்திருங்கோ எண்டு நான் அண்டைக்கே சொன்னனான். நீங்கள் பொறுத்தனீங்கள், இப்ப பாருங்கோ. மாமிதான் பொறுக்கேல்லை, அவசரப்பட்டிட்டா" என்றாய். மாமி கையிலிருந்த மீனை வெட்டி முடித்தாள், கையைக் கழுவினாள், "நான் வாறன் மச்சாள்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ மறந்திருப்பாய், நான் ஞாபகப்படுத்துகிறேன். 2021இல் நத்தாருக்கு முந்தின மாதம், மாமியின் கையில் மகன் கொலின்சின் வள்ளத்துக்குப் புது எஞ்சின் வாங்க வைத்திருந்த காசு இருந்தது. புருசன் போனபிறகு பன்னிரண்டு வருடம் கருவாடு போட்டுச் சேர்த்தது. ரூபா விழப்போகிறது, அதை நம்பி வைத்திருக்காதீர்கள் என்று நீ சொன்னாய், அது நீ சொன்னபடியேதான் நடந்தது. பிட்காயினை எந்த அரசாங்கமும் அச்சடிக்க முடியாது, எந்த வங்கியும் பூட்டிவைக்க முடியாது, உலகம் முழுக்க உள்ள கம்பியூட்டர்கள் சேர்ந்து காவல் இருக்கின்றன, அதில் ஒருவரும் ஒருவரையும் நம்பத் தேவையில்லை என்றும் சொன்னாய். எனக்குப் பாதி விளங்கவில்லை, மாமிக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அவள் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டாள், "அண்ணா, நீங்களும் போடுறீங்களோ?" என்று. ஓம் என்றேன். நாற்பது வருடம் இந்தக் கரையில் எஞ்சின் திருத்தினவன் நான், இது ஓடும், இது ஓடாது என்று நான் சொன்னால் ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை. அந்த வாய்தான் ஓம் என்றது. ஒருவரையும் நம்பத் தேவையில்லாத காசை அவள் என்னை நம்பித்தான் வாங்கினாள். அவள் தந்த ரூபாவில் நம் வீட்டுக்குக் கொங்கிறீட் கூரை போட்டோம், நீ எங்களுக்கு அனுப்ப இருந்த காசில் அங்கே அவளுக்கு நாணயம் வாங்கினாய், என் பேரிலும் ஒரு பங்கு வாங்கினாய்.

அடுத்த வருடம் நடந்ததை நீ செய்தியில்தான் பார்த்தாய். வள்ளங்களுக்கு மண்ணெண்ணெய் இல்லை, கான்களை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் மூன்று நாள் வெயிலில் கிடந்தார்கள். கொலின்சின் பழைய எஞ்சின் அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட்டது, என்னால் அதைத் திருத்த முடியவில்லை, பாகம் மன்னாரில் இல்லை, இருந்த இடத்தில் வாய்க்கு வந்த விலை. அவன் பிள்ளைக்கு அப்போது ஒன்றரை வயது, பால்மாவுக்கு அவன் பெண்சாதி கடை கடையாக ஏறி இறங்கினாள். ஜூன் மாதம் மாமி விற்கச் சொன்னாள். நீ வேண்டாம் என்றாய், இப்போது விற்பவர்கள் மடையர்கள் என்று ஒரு சொல்லும் சொன்னாய். அவள் விற்றாள். போட்டதில் பாதிதான் வந்தது. அது எஞ்சின் வாங்கக் காணாது, ஆனால் இந்தியாவுக்குக் களவாக ஏற்றிப்போகும் படகோட்டிக்குக் கொடுக்கக் காணும். ஒரு கிழமைக்குள் கொலின்ஸ் பெண்சாதியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் படகேறிவிட்டான். அங்கே மண்டபம் அகதி முகாமிலிருந்து ஃபோன் வந்தபிறகுதான் எங்களுக்குத் தெரியும். தனுஷ்கோடிக்கு இந்தப் பக்கம் மணல்திட்டில் இறக்கிவிட்டு ஓட்டி திரும்பிவிட்டானாம், பகல் முழுக்கப் பிள்ளைக்குத் துணியால் நிழல் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். இரண்டரை வருடமாகிறது, இன்னும் முகாமில்தான். திரும்பி வந்தால் களவாகப் போனதற்கு வழக்கு வருமோ என்று அவனுக்குப் பயம். மாமி தன் பேரனை ஃபோனில் பார்க்கிறாள்.

எஞ்சின் வாங்கியிருந்தாலும் மண்ணெண்ணெய் இல்லாமல் சும்மாதானே கிடந்திருக்கும் என்று நீ கேட்பாய். உண்மை. ஆனால் முற்றத்தில் புது எஞ்சின் கிடக்கிறவன் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மண்ணெண்ணெய்க்குக் காத்திருப்பான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மணல்திட்டுக்குப் போகமாட்டான். உன் நாணயத்துக்குப் பெறுமதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, இருக்கிறது, என் பங்கே சாட்சி. ஆனால் பிள்ளையின் பசிக்கு விற்றவளிடம் அதைப் பாதி விலைக்கு வாங்கினவன் ஒருவன் எங்கோ இருக்கிறான். அவன் வீட்டில் பசி இல்லை. இன்றைய விலைக்குச் சொந்தக்காரன் அவன்தான். நீ சொன்னதெல்லாம் சரியாகப் போனதுதான் மகள் எனக்குக் கசக்கிறது, பிழையாகப் போயிருந்தால் உன்னை ஏசிவிட்டு ஆறியிருப்பேன்.

உன் அழைப்புக்கு மூன்றாம் நாள் மாமி வீட்டுக்குப் போனேன். "பிள்ளை சொன்னது சரிதான் அண்ணா, பொறுத்திருக்கலாம். பொறுக்கிறதுக்கும் கையிலை காசு வேணுமெல்லோ" என்றாள். என் பங்கில் பாதியை எடுத்துக்கொள் என்றேன். "வேண்டாம். நான் கேட்டு வந்த அண்டைக்கு நீங்கள் இல்லையெண்டு சொன்னனீங்கள். இப்ப என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு முற்றம் கூட்டப் போய்விட்டாள்.

இது உனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அந்த ஜூனில் உன்னிடம் விற்கச் சொல்லுமுன் அவள் என்னிடம்தான் வந்தாள். நாணயத்தை விற்காமல் சமாளிக்கக் கொஞ்சம் காசு கைமாற்றாகத் தாங்கோ என்று கேட்டாள். பட்டறையை மூடியபோது வங்கியில் போட்டது என்னிடம் இருந்தது, கொடுத்திருந்தால் அவர்கள் அந்த வருடத்தைத் தாண்டியிருப்பார்கள். நாளைக்கு நமக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில், ஒன்றும் இல்லை றஞ்சிதம் என்று பொய் சொன்னேன். அந்தக் காசு கையில் இருந்தபடியால்தான் நான் பொறுத்தேன். நீ என்னைக் கெட்டிக்காரன் என்றாய். அவளுக்கு அன்றே அது பொய்யென்று தெரிந்திருக்கிறது, இத்தனை நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் பங்கை விற்றுவிடு. அதற்குப் பிறகு அது எவ்வளவு ஏறினாலும் எனக்குச் சொல்லாதே. கொலின்சின் விசயமாக மன்னாரில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டிருக்கிறேன், அந்தக் காசு அவன் வழக்குக்குத்தான். மாமி வேண்டாம் என்றால் அவனிடமே நேரே கேட்பேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, பேரனுக்கு இரவுச் செபத்தைத் தமிழில் சொல்லிக்கொடு, அம்மாவின் குளிசை விசயத்தை மறக்காதே. யேசுவின் ஆசீர் உங்கள் மூவர் மேலும் இருக்கட்டும். மாமிக்கு ஃபோன் எடுத்து நீ மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும், ஆனால் பொய் சொன்னவன் நான், முதலில் நான் கேட்கவேண்டும். இதை இப்போது அம்மாவுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். கடிதம் உன் கைக்கு வந்ததும், அப்பா மாமியிடம் மன்னிப்புக் கேட்கப் போனவரா என்று அம்மாவிடம் கேள். போனவர் என்றால் மட்டும் மாமிக்கு எடு.

உன் அப்பா,
சி. சிங்கராசா